பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸின் தரமும் விலையும்: ஹல்க் 181-ஐ மேசையில் வைத்து ஒரு முழு வழிகாட்டி

நியூஜெர்சியில் ஒரு ஓட்டலின் கீழ்த்தள மண்டபத்தில் நடந்த காமிக்ஸ் சந்தையில்தான் என் முதல் ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ 181-ஆம் இதழை வாங்கினேன். பிளாஸ்டிக் உறைக்குள் அட்டை அவ்வளவு அழகாக இருந்தது. மூலைகள் மழுங்கவில்லை, முதுகில் ஒன்றிரண்டு கோடுகள்தான். சொன்ன விலை மற்ற மேசைகளைவிடக் கொஞ்சம் குறைவு. எனக்கோ அது இரண்டு மாத வாடகை. வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பதற்றத்தில், உறையைக்கூடப் பிரிக்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, தாள் தாளாகப் புரட்டினேன். வாசகர் கடிதப் பக்கம் வந்ததும் கை நின்றது. தீப்பெட்டி லேபிள் அளவுக்கு ஒரு ஓட்டை. கத்தரிக்கோலால் நாலு பக்கமும் கோணாமல் வெட்டியிருந்தார்கள். ஓட்டை வழியாக அடுத்த பக்கத்தின் படம் தெரிந்தது.

1974-இல் மார்வெல் தன் இதழ்களின் கடிதப் பக்கத்தில் ‘மார்வெல் வேல்யூ ஸ்டாம்ப்’ என்று ஒன்றை அச்சிட ஆரம்பித்தது. மொத்தம் 100 எண்கள். வெட்டி எடுத்து அதற்கென்று இருந்த ஆல்பத்தில் ஒட்டிச் சேர்க்க வேண்டும். ஹல்க் 181-இல் இருந்தது 54-ஆம் எண், ஷன்னா என்ற பாத்திரத்தின் படம். பிள்ளைகள் வெட்டி ஒட்டினார்கள், அதற்காகத்தானே அச்சிட்டது. ஆனால் வெட்டிய பிரதிக்கும் வெட்டாத பிரதிக்கும் இன்று விலையில் இருக்கிற தூரம், அட்டையின் அழகால் ஈடுகட்டக்கூடியதல்ல.

அன்றிலிருந்து நான் ஒரே வரிசையில்தான் பார்க்கிறேன். இது எந்த இதழ், அசல் பதிப்பா, முழுசாக இருக்கிறதா, யாராவது கைவைத்துச் சரிசெய்திருக்கிறார்களா, இவ்வளவும் தெரிந்த பிறகுதான் அட்டை எப்படி இருக்கிறது என்ற கேள்வி. விலை கடைசியில். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், நான் செய்தது போலவே.

உதாரணத்துக்கு ஹல்க் 181-ஐயே வைத்துக்கொள்கிறேன். அட்டையில் நவம்பர் 1974 தேதி, விலை 25 சென்ட். வுல்வரின் என்ற பாத்திரம் முழுமையாகத் தோன்றிய முதல் இதழ். எழுதியவர் லென் வெய்ன், வரைந்தவர் ஹெர்ப் டிரிம்பி, வுல்வரினின் உருவத்தை வடிவமைத்தவர் ஜான் ரொமிட்டா. முந்தைய 180-ஆம் இதழின் கடைசிக் கட்டத்தில் வுல்வரின் தலைகாட்டுகிறார். 182-இன் தொடக்கத்தில் கொஞ்சம் வருகிறார். சேகரிப்பாளர்கள் மூன்றையும் தேடுவார்கள், ஆனால் பணம் குவிவது நடுவில் உள்ளதில்தான். இங்கே சொல்லும் முறை 1938 முதல் 1980-கள் வரையிலான எந்த அமெரிக்க சூப்பர்ஹீரோ இதழுக்கும் பொருந்தும்.

மேசையில் வேண்டியவை

நல்ல வெள்ளை வெளிச்சம் தரும், கழுத்தை வளைக்கக்கூடிய மேசை விளக்கு. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நகைக்கடையில் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அது போதும். ஸ்கேல், பென்சில், ஒரு நோட்டு. கையுறை வேண்டாம், துணிக் கையுறையில் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாது, கிழிந்துவிடும். கழுவி உலர்ந்த கைதான் சிறந்தது. காபி டம்ளர் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

உறையிலிருந்து எடுக்கும்போது உறையை மூடும் டேப்பை முழுவதும் உரித்து, பின்பக்கம் மடித்து ஒட்டிவிடுங்கள். உரிக்காமல் இதழை உருவினால் அந்த டேப் அட்டையில் பிடித்துக்கொண்டு நிறத்தைப் பெயர்த்துவிடும். பல நல்ல பிரதிகள் கெட்டது கடையிலோ பெட்டியிலோ அல்ல, இந்த ஒரு நொடியில்தான்.

முதல் படி: எந்த இதழ், அசல் பதிப்பா

அட்டையில் உள்ள எண்ணை மட்டும் நம்பாதீர்கள். முதல் பக்கத்தின் அடியிலோ முன்னட்டையின் உள்பக்கத்திலோ பொடி எழுத்தில் ஒரு பதிப்புக் குறிப்பு இருக்கும்: இதழ் பெயர், தொகுதி, எண், மாதம், ஆண்டு, பதிப்பாளர் முகவரி. இதழின் பிறப்புச் சான்றிதழ் அதுதான். மறுபதிப்பு என்றால் புதிய ஆண்டு அங்கே இருக்கும். இப்போது ‘ஃபேக்சிமிலி’ என்ற பெயரில் பழைய விளம்பரங்கள், கடிதப் பக்கம் உட்பட அப்படியே அச்சிட்டு விற்கிறார்கள். ஹல்க் 181-க்கும் வந்திருக்கிறது. வாசிக்க அருமையான பதிப்பு. ஆனால் பரணில் பத்து வருடம் கிடந்தால் அதுவும் பழசு போலவே தோன்றும். குறிப்பைப் படித்தால் குழப்பம் தீரும்.

வேறு அடையாளங்களும் உண்டு. கடைகளில் வருடும் கோட்டுக் குறியீடு, அதாவது பார்கோடு, அமெரிக்க காமிக்ஸ் அட்டைக்கு வந்தது 1976-இல். 1974 தேதியிட்ட இதழில் அது இருந்தால் சந்தேகமே வேண்டாம், மறுபதிப்பு. அந்தக் காலத்து இதழ்களில் பெரும்பாலானவை இல்லினாய் மாநிலத்தில் ஸ்பார்ட்டா என்ற ஊரின் அச்சகத்தில், மலிவான நியூஸ்பிரிண்ட் தாளில் அச்சானவை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் முகத்தின் தோல் நிறம் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும், சில இடங்களில் நிறம் கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை விலகியிருக்கும். தாள் வழவழவென்று வெள்ளையாக இருந்தால் அது வேறு காலத்துத் தாள்.

மிகப் பேர்போன குழப்பம் சூப்பர்மேன் முதலில் தோன்றிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 1-ஐப் பற்றியது. ஜூன் 1938 இதழ். 1974-இல் அதன் பதிப்பாளரான டிசி அதைப் பெரிய அளவில், வெளியே ஒரு கனமான கூடுதல் அட்டையோடு, உள்ளே அசல் அட்டை உட்பட அப்படியே மறுபதிப்புச் செய்தது. வெளி அட்டையைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது அச்சு அசல் 1938 போலவே தெரியும். ஆனால் அளவு காட்டிக் கொடுத்துவிடும்: மறுபதிப்பு சுமார் 10-க்கு 13½ அங்குலம், 1938 அசல் ஏறக்குறைய 7¾-க்கு 10½ அங்குலம்தான். யாராவது உங்களிடம் ‘தாத்தா பெட்டியில் ஆக்‌ஷன் 1 கிடைத்தது’ என்றால், வேறு எதையும் பார்க்கும் முன் ஸ்கேலை எடுங்கள். அதேபோல ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 1-க்கு 1966-இல் இசைத்தட்டோடு சேர்த்து விற்ற ஒரு மறுபதிப்பு உண்டு. அதன் அட்டையில் 12 சென்ட் விலை இருக்காது.

அட்டையில் சென்ட்டுக்குப் பதில் பென்ஸ் விலை இருந்தால் உடனே போலி என்று தள்ளிவிடாதீர்கள். பிரிட்டனில் விற்பதற்காக அதே அமெரிக்க அச்சகத்தில் விலையை மட்டும் மாற்றி அச்சிட்டவை அவை. அசல்தான். ஆனால் விலை தனி. சென்ட் பிரதியின் விலையை அதன்மேல் தூக்கி வைக்கக் கூடாது.

இரண்டாம் படி: தாள்களை எண்ணுங்கள்

1970-களின் வழக்கமான இதழ் என்றால் அட்டையைத் தவிர 32 பக்கங்கள். எட்டுப் பெரிய தாள்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்து மடித்து, முதுகில் இரண்டு பின் அடித்திருப்பார்கள். அதனால் மடிப்புக்கு இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு, ஆக 16 ஏடுகளை விரல் எண்ண வேண்டும். 15 வந்தால் எங்கோ ஒரு தாள் பாதியாக இருக்கிறது. 14 வந்தால், பெரும்பாலும் நடுத்தாள் பின்னிலிருந்து கழன்று எங்கோ போயிருக்கும். கதை திடீரென்று தாவுவதைப் படித்தாலே தெரியும்.

எண்ணி முடித்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு புறமும் பாருங்கள். விளம்பரங்களில் கூப்பன் வெட்டியிருப்பார்கள். குறுக்கெழுத்தைப் பேனாவால் நிரப்பியிருப்பார்கள். 1974, 75 மார்வெல் என்றால் நேரே கடிதப் பக்கம். வெட்டப்பட்டிருந்தால் கிரேடிங் நிறுவனம், அதாவது பிரதியைப் பரிசோதித்துத் தரத்துக்கு எண் போடும் நிறுவனம், ஒன்று அடிமட்டத் தரம் போடும், அல்லது ‘ஸ்டாம்ப் இல்லை’ என்று குறிப்பிட்டு வேறு நிற லேபிள் ஒட்டும்.

வெட்டப்படாமல் இருந்தாலும் வேலை முடியவில்லை. ஒரே எண் ஸ்டாம்ப் அந்த மாதங்களில் வேறு சில மார்வெல் இதழ்களிலும் வந்தது. மலிவான இதழிலிருந்து 54-ஐ வெட்டி, ஓட்டையில் பொருத்தி ஒட்டுகிறவர்கள் உண்டு. பக்கத்தை விளக்குக்கு எதிரே பிடியுங்கள். ஸ்டாம்ப்பைச் சுற்றி ஒரு கோடு இருட்டாகத் தெரிகிறதா? பக்கத்தைத் திருப்புங்கள். முன்னால் ஸ்டாம்ப் இருக்கும் அதே இடத்தில், பின்புறத்துப் படத்தின் கோடுகள் தடையில்லாமல் ஓடுகின்றனவா? ஒட்டியவன் முன்பக்கத்தைக் கச்சிதமாகச் செய்துவிடலாம். பின்பக்கத்தின் படத்தை ஒருபோதும் பொருத்த முடியாது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் மெதுவாகத் தடவினால் திட்டு தட்டும்.

அட்டையின் மேல்பகுதியையும் கவனியுங்கள். விற்காத பிரதிகளை முழுசாகத் திருப்பி அனுப்பாமல், தலைப்புப் பகுதியை மட்டும் கிழித்து அனுப்பிக் கடைக்காரர்கள் கணக்குத் தீர்த்த காலம் உண்டு. மிச்சம் குப்பைக்குப் போக வேண்டும்; பல பிரதிகள் போகவில்லை.

மூன்றாம் படி: யாராவது கைவைத்தார்களா

பழைய புத்தகத்தின் மேல் அன்பு வைத்துச் செய்யும் காரியங்கள்தான் அதன் விலையை அதிகம் கொல்கின்றன. அட்டையின் வெள்ளைக் கீறலில் ஸ்கெட்ச் பேனா பூசுவது, கிழிசலில் செலோடேப் ஒட்டுவது, மழுங்கிய ஓரத்தை பிளேடால் நறுக்கி நேராக்குவது.

நிறம் பூசியதைக் கண்டுபிடிக்க அட்டையை உள்பக்கமிருந்து பாருங்கள். முதுகு, மூலைகள், கறுப்பும் அடர்நீலமும் உள்ள இடங்களில் உள்பக்க வெள்ளையில் மை கசிந்து புள்ளியாகத் தெரியும். மேலே விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அச்சு மையும் பேனா மையும் ஒரே மாதிரி மின்னாது. புற ஊதா டார்ச் இருந்தால் பசையும் பெயின்ட்டும் இன்னும் தெளிவாகத் தனித்து நிற்கும்.

நறுக்கியதைக் கண்டுபிடிப்பது கடினம், அதனால் இங்கே நிதானமாகச் சொல்கிறேன். முதுகு அடிபட்டிருக்கிறது, பின்னில் துரு, அட்டையில் மடிப்புகள். ஆனால் வலது ஓரம் மட்டும் நேற்று அச்சகத்திலிருந்து வந்தது போலக் கத்தி முனையாக இருக்கிறது. ஒரே புத்தகத்துக்கு இரண்டு வயது இருக்க முடியாது. அப்போது அதே ஆண்டு, அதே நிறுவனத்தின் இன்னொரு மலிவான இதழைப் பக்கத்தில் வைத்து உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் அச்சகத்திலேயே வரலாம். மூன்று மில்லிமீட்டர் என்றால் கேள்வி கேளுங்கள். இதற்காகவே நான் 1974, 1965 ஆண்டுகளின் இரண்டு சாதாரண இதழ்களை எப்போதும் பையில் வைத்திருக்கிறேன்.

அச்சகத்துக் குறைகளை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 1960-களின் மார்வெல் இதழ்களில் வலது ஓரம் பற்கள் போலப் பொடிப்பொடியாகப் பெயர்ந்திருக்கும். வெட்டும் கத்தி மழுங்கியதால் வந்தது, ‘மார்வெல் சிப்பிங்’ என்பார்கள். அட்டை கோணலாக மடிந்து பின்னட்டையின் வெள்ளை முன்னால் எட்டிப் பார்ப்பதும் அப்படித்தான். இவை மோசடி அல்ல. தரத்தைக் கொஞ்சம் இறக்கும், அவ்வளவே.

சரிசெய்த பிரதிக்கு சி.ஜி.சி. என்ற கிரேடிங் நிறுவனம் ஊதா லேபிள் ஒட்டுகிறது. யாரும் கைவைக்காத, அதே தோற்றமுள்ள நீல லேபிள் பிரதியைவிட விலை வெகுவாகக் குறையும். ஆனால் வெப்பத் தகட்டில் வைத்து அழுத்திச் சுருக்கமும் பள்ளமும் எடுக்கும் ‘பிரெஸ்ஸிங்’ சரிசெய்தலாகக் கணக்கில் வராது. அதை வீட்டு இஸ்திரிப் பெட்டியில் முயற்சி செய்யாதீர்கள். மை அட்டையை விட்டு இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும், பின் அடித்த இடத்தில் தாள் கிழியும்.

நான்காம் படி: அட்டை, முதுகு, பின், காகிதம்

இப்போது விளக்கை மேசையோடு தாழ்த்தி, அட்டைமேல் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வையுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத பள்ளம், விரல் அழுத்திய குழி, மேலே தாள் வைத்து யாரோ எழுதிய எழுத்தின் தடம் எல்லாம் நிழலோடு எழுந்து வரும். ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

மடிப்பு இரண்டு வகை. மை உடையாமல் வளைந்தது ஒன்று. மை உடைந்து வெள்ளைத் தாள் தெரிவது மற்றொன்று. பின்னதைக் ‘கலர் பிரேக்’ என்கிறோம். முன்னதை பிரெஸ்ஸிங் சரிசெய்யலாம், பின்னதை எதுவும் சரிசெய்யாது. முதுகில் பின்களுக்கு அருகே குறுக்காக வரும் சிறு கோடுகளை லென்ஸ் வைத்து எண்ணுங்கள். எத்தனை, அதில் எத்தனை நிறம் உடைந்தவை. பத்துக்கு 9-க்கு மேலான தரங்களுக்குள் நடக்கும் சண்டை முழுவதும் இந்தக் கோடுகளின்மேல்தான்.

முதுகை மேலிருந்து, அதாவது புத்தகத்தின் தலைப்பக்கத்திலிருந்து பாருங்கள். அட்டையை முழுவதும் பின்னால் மடக்கிப் பிடித்துப் படித்த பிரதியில் முதுகு ஒரு பக்கமாக உருண்டிருக்கும். நீளவாக்கில் நடுவே ஒரே மடிப்பு ஓடினால், அது சந்தாதாரருக்குத் தபாலில் மடித்து வந்த பிரதி. அட்டை மேல் மூலையில் பென்சிலிலோ ரப்பர் ஸ்டாம்ப்பிலோ ஒரு தேதி இருந்தால் பயப்படாதீர்கள். கடைக்காரர் சரக்கு வந்த நாளைக் குறித்தது அது. அட்டைத் தேதி இரண்டு மூன்று மாதம் முன்னோக்கி இருக்கும் என்பதால், நவம்பர் இதழில் ஆகஸ்ட் மாத முத்திரை இருப்பது சரியானதே. நிறைய சேகரிப்பாளர்களுக்கு அது பிடிக்கும். எனக்கும்தான், அந்தப் பிரதி எந்த நாளில் கடைக்கு வந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பின்கள் பளபளப்பாக இருக்க வேண்டும். துரு பின்னில் மட்டும் இருந்தால் ஒரு கணக்கு, தாளுக்குள் பழுப்பாகப் பரவியிருந்தால் வேறு கணக்கு. மேல் பின்னிலிருந்து அட்டை கழன்றிருக்கிறதா என்று பார்க்க அட்டையை இழுக்காதீர்கள். புத்தகத்தைப் பாதி திறந்து, நடுத்தாளின் மடிப்பில் எட்டிப் பாருங்கள்.

காகிதத்தைப் பற்றி நம் ஊரில் பழைய ராணி காமிக்ஸோ முத்து காமிக்ஸோ வைத்திருக்கும் எவருக்கும் நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மரக்கூழில் உள்ள லிக்னினும் அமிலமும் வெளிச்சத்திலும் காற்றிலும் தாளைப் பழுப்பாக்கி, கடைசியில் அப்பளமாக்கிவிடும். கிரேடிங்கில் இதைத் தனியாகக் குறிப்பார்கள்: வெள்ளை, வெள்ளைக்கு அருகில், லேசான வெள்ளை, க்ரீம், பழுப்பு என்று இறங்கி, நொறுங்கும் நிலை வரை. புத்தகத்தின் நடுப்பக்கத்தில் நிறத்தைப் பாருங்கள், ஓரத்தை மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள். மூலையை மடக்கிச் சோதிக்க வேண்டாம். உறையின் அடியில் பொடி உதிர்ந்து கிடந்தாலே போதும், நொறுங்க ஆரம்பித்துவிட்டது. கடலோர ஊர்களில் இருந்து வரும் பிரதிகளில் பழுப்புப் புள்ளிகளும், இராமபாணப் பூச்சி அரித்த வளைந்த ஓரங்களும் சகஜம். பூச்சி அட்டையின் மேல்தோலைச் சுரண்டியிருந்தால் நிறமே மாயமாகியிருக்கும்; சாய்ந்த வெளிச்சத்தில் சொரசொரவென்று தெரியும்.

ஐந்தாம் படி: எண் போடுவது

அளவுகோல் 0.5-இல் தொடங்கி 10.0 வரை. நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய நிறுத்தங்கள் இவை.

9.4, நியர் மின்ட்: கடையில் வாங்கி ஒருமுறை கவனமாகப் படித்து வைத்தது போல. முதுகில் மிகச் சில சிறு கோடுகள்.
8.0, வெரி ஃபைன்: கையாண்டது தெரியும், ஆனால் கண்ணை உறுத்தாது.
6.0, ஃபைன்: மூலை லேசாக மழுங்கி, முதுகில் கோடுகள் சேர்ந்து, ஒரு சிறு மடிப்பும் இருக்கலாம்.
4.0, வெரி குட்: பலர் படித்தது. முதுகு கொஞ்சம் உருண்டு, மடிப்புகளோடு, ஒரு அங்குலம் வரை முதுகு பிளந்திருக்கலாம்.
2.0, குட்: நன்றாக அடிபட்டது, ஆனால் முழுசானது.
அதற்குக் கீழே ஃபேர், பூர்: துண்டு போனது, கூப்பன் வெட்டியது, அட்டை தனியாகக் கழன்றது.

‘குட்’ என்ற சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். ‘குட் கண்டிஷன்’ என்று விற்பனைக் குறிப்பில் வந்தால், ‘2.0-வா, இல்லை நன்றாக இருக்கிறது என்கிறீர்களா’ என்று கேட்டு எண்ணாகவே பதில் வாங்குங்கள்.

டொராண்டோவில் இருக்கும் என் சித்தப்பா மகன் வீட்டுக் கராஜில் வாங்கிய ஒரு பெட்டியோடு இங்கே வந்தான். அடியில் ஒரு ஹல்க் 181. அவனிடமிருந்து வாங்கியதும் நான் முதலில் திருப்பியது கடிதப் பக்கத்தைத்தான். ஷன்னா இருந்தாள். 16 ஏடும் சரி. பின்பக்கக் கோடுகள் தடையில்லாமல் ஓடின. அட்டைக்கு வந்தால்: கீழ் முதுகில் அரை அங்குலப் பிளவு, மேல் வலது மூலையில் நிறம் உடைந்த மடிப்பு, முதுகில் எண்ணிப் பத்துக்கு மேல் கோடுகள், பின்னில் லேசான துரு, தாள் க்ரீம்.

“அண்ணே, அஞ்சு வருமா?”

“மூணரைன்னு வச்சுக்கோடா. அதுக்கு மேல வந்தா லாபம்.”

அவனுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் நான் முதல் நாள் 4.5 என்று எழுதியிருந்தேன், மறுநாள் 4.0, மூன்றாம் நாள் 3.5. என் பழக்கம் இது: மூன்று நாள், மூன்று தடவை, முந்தைய எண்ணைப் பார்க்காமல் போடுவேன், கடைசியில் மூன்றில் குறைந்ததை எடுத்துக்கொள்வேன். கையில் இருப்பது நம்முடையது என்றால் கண் தானாகவே அரைப் புள்ளி கூட்டிவிடும். கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்பியபோது அந்தப் பிரதி 4.0 என்று திரும்பி வந்தது.

ஆறாம் படி: விலை

பழசு என்பதால் விலை இல்லை. 1991-இல் வந்த ‘எக்ஸ்-மென்’ 1, 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சானது. எல்லோரும் வாங்கி, எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள். இன்று யாரும் அதற்குப் பெரிய விலை தருவதில்லை. நல்ல நிலையில் மிஞ்சியது எத்தனை, அதைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. ஒரு பாத்திரத்தின் முதல் தோற்றம், ஒரு தொடரின் முதல் இதழ், ஒரு முக்கிய மரணம் உள்ள இதழ்களைக் ‘கீ’ என்பார்கள். ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 129-இல் பனிஷர், ‘அயர்ன் மேன்’ 55-இல் தானோஸ். இவற்றுக்குப் பக்கத்து இதழ்கள் அதே வயது, அதே தாள். ஆனாலும் விலை பல மடங்கு குறைவு.

தரம் விலையை எப்படி இழுக்கிறது என்பதற்கு ஸ்பைடர்மேன் முதலில் வந்த ‘அமேசிங் ஃபேன்டஸி’ 15, ஆகஸ்ட் 1962, நல்ல சாட்சி. 9.6 பிரதி ஒன்று 2011-இல் 11 லட்சம் டாலருக்குப் போனது. ஐந்து வருடம் கழித்து, 2016-இல், 9.4 பிரதி போனது 4,54,100 டாலருக்கு. இடையில் சந்தை ஏறியிருந்தும், 0.2 புள்ளி குறைந்ததற்கு இவ்வளவு. பிறகு 2021 செப்டம்பரில் ஒரு 9.6 பிரதி 36 லட்சம் டாலர். உச்சியில் ஏணிப்படிகள் இப்படித்தான் உயரம். கீழே, 2.0-க்கும் 2.5-க்கும் இடையில், படி சிறியது. அதனால் அடிபட்ட பிரதி வைத்திருப்பவர் அரைப் புள்ளிக்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. முழுசா, அசலா என்பதில் உறுதியாக இருந்தால் போதும்.

விலை பார்க்கும் இடத்தில் செய்யும் பெரிய தவறு, விற்பவர் கேட்கும் விலையைப் பார்ப்பது. யாரும் எதையும் கேட்கலாம். ஈபேயில் ‘விற்றவை’ என்ற வடிகட்டியைப் போட்டு, பணம் கைமாறிய விலைகளை மட்டும் எடுங்கள். ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தின் பழைய ஏல முடிவுகளும் இணையத்தில் கிடைக்கின்றன. 1970 முதல் வரும் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு எந்த இதழ் எதற்காக முக்கியம் என்று தெரிந்துகொள்ளச் சிறந்தது. ஆனால் ஆண்டுக்கொருமுறை வருவது. வேகமாக ஏறி இறங்கும் இதழ்களுக்கு அதன் விலை பின்தங்கியிருக்கும்.

நான் செய்வது: அதே இதழ், அதே தரம், அதே நிற லேபிள், கடைசி 90 நாளில் விற்றவை குறைந்தது ஐந்து. மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதை எடுப்பேன். ஐந்து கிடைக்கவில்லையென்றால் ஒரு படி மேலும் ஒரு படி கீழும் பார்த்து இடையில் நிறுத்துவேன். பெருந்தொற்றுக் காலத்தில், 2021-இல், விலைகள் ஏறிய உயரத்தை இன்றைய விலை என்று சொல்லி விற்பவர்கள் இன்னமும் உண்டு. தேதியைப் பாருங்கள். ஒரு பாத்திரம் திரைப்படத்தில் வருகிறது என்ற அறிவிப்பு வந்த வாரத்து விலையையும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

கிடைத்த எண்ணிலிருந்து விற்பனைத் தளத்தின் கழிவு, தபால், காப்பீடு எல்லாம் போக மிஞ்சுவதே உங்கள் கைக்கு வருவது. கடைக்காரர் மொத்தமாக வாங்கினால் அதைவிடக் குறைவாகத்தான் தருவார். அவருக்கும் வாடகை உண்டு, அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது.

கிரேடிங்குக்கு அனுப்பலாமா

சி.ஜி.சி. 2000-இல் தொடங்கியது, புளோரிடாவில் இயங்குகிறது. பிரதியைப் பரிசோதித்து, எண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவார்கள்; ‘ஸ்லாப்’ என்கிறோம். எந்தத் தரத்தில் எத்தனை பிரதிகளை இதுவரை பார்த்திருக்கிறார்கள் என்ற கணக்கும் வெளியிடுகிறார்கள். அடைக்கப்பட்டால் விலை எவ்வளவு கூடும், அதற்குக் கட்டணமும் போகவர அனுப்பும் செலவும் எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள். ஹல்க் 181 போன்ற, போலி வேலை நடக்கும் இதழுக்குக் குறைந்த தரத்திலும் அனுப்பலாம். வாங்குகிறவரின் சந்தேகம் தீர்வதே பணம். 20 டாலர் இதழை அனுப்பினால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அனுப்புகிறவர்கள் சுங்க வரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வைத்துக்கொள்வது, விற்பது

அமிலமில்லாத அட்டைப் பலகையோடு, மைலார் என்ற பிளாஸ்டிக்கில் செய்த உறை. சாதாரண பாலிதீன் உறையை சில ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள், சாய்ந்து வளையும் அளவு இடம் விடாதீர்கள். வெளிச்சுவரை ஒட்டியோ தரையிலோ வேண்டாம். சென்னை போன்ற ஊரில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, மழைக்காலத்தில் மாற்றுங்கள். பாச்சா உருண்டை போடவே கூடாது. அந்த வாசனை தாளில் ஏறினால் போகாது.

விற்கும்போது முன்னட்டை, பின்னட்டை, முதுகு, நடுத்தாள், கடிதப் பக்கம் ஐந்துக்கும் படம் வையுங்கள். குறைகளை நோட்டில் உள்ளபடி முதல் வரியிலேயே எழுதுங்கள். என் முதல் ஹல்க் 181-ஐ இரண்டு வருடம் கழித்து விற்றபோது, ‘54-ஆம் ஸ்டாம்ப் வெட்டப்பட்டது, மற்ற தாள்கள் முழுசு’ என்றுதான் தொடங்கினேன். ஓட்டையின் படம்தான் முதல் படம். வாங்கியவர், சிறுவயதில் தானும் அந்த ஸ்டாம்ப்பை வெட்டி ஆல்பத்தில் ஒட்டியதாகவும், ஆல்பம் இன்னும் இருக்கிறது, இதழ்தான் தொலைந்துவிட்டது என்றும் எழுதினார். நான் கொடுத்ததில் பாதிக்கும் குறைவாகவே கிடைத்தது. இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி அனுப்பினேன்.